டிஸ்ஸுக்கு அடுத்த பக்கம்

புத்தகம் கட்டும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் 'டிஸ்'. "டிஸ், அந்த அடுக்கை இந்தப் பக்கம் தள்ளு" என்பார்கள். "டிஸ் இன்னிக்கு லீவா?" என்று கேட்பார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பூனையை விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டில் அவள் 'இவளே', தெருவில் 'டிரைவர் பெண்டாட்டி'. தானாகச் சம்பாதித்த பெயர் இது ஒன்றுதான்.

பட்டறையில் வருஷம் முழுக்க ஓடுகிற வேலை ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி. அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அந்த மடிப்புக்கு ஃபாரம் என்று பேர். நீளமான ஒரு மேஜை. அதன் மேல் ஃபாரங்கள் வரிசைப்படி அடுக்கு அடுக்காக இருக்கும். அடுக்குக்கு ஒரு பெண் நிற்பாள். முதல் பெண் தன் ஃபாரத்தை எடுத்து அடுத்தவள் கையில் கொடுப்பாள். அடுத்தவள் தன்னுடையதைச் சேர்த்து அதற்கடுத்தவளிடம் கொடுப்பாள். இப்படிக் கை மாறி மாறி மேஜையின் கடைசிக்குப் போகும்போது அகராதி முழுசாகியிருக்கும். அதைத் தைப்பதும் ஓரம் வெட்டுவதும் அட்டை போடுவதும் பின்கட்டிடத்தில். முழுப் புத்தகத்தை விரித்துப் பார்க்க மேஜைக்காரிகளுக்கு நேரமும் கிடையாது, வேலையும் கிடையாது.

அவளுடைய ஃபாரம் 'டிஸ்' என்று ஆரம்பிக்கும் சொற்கள். அந்த ஃபாரத்திலும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் கண்ணுக்குத் தெரியும். ஓரம் வெட்டாத மடிப்பு என்பதால் உள்பக்கங்கள் மூடியே கிடக்கும். விரலை விட்டு எட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு வார்த்தை சிக்கும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மா படுத்த படுக்கையாகிவிட, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் படித்த ஆங்கிலமெல்லாம் அந்த இரண்டு பக்கம்தான். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சட்டிக்குள் ஒரு மூலை விடாமல் ஓட்டினாள். டிஸேபிள், டிஸ்அக்ரீ, டிஸ்அப்பியர், டிஸ்மிஸ், டிஸ்ஒபே, டிஸ்ஆர்டர், டிஸ்ப்ளே. கை தன்பாட்டுக்கு ஃபாரம் எடுக்கும், வாய் சத்தமில்லாமல் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கும்.

மற்றவர்களுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. 'காம்' என்று ஆரம்பிக்கும் ஃபாரத்துக்காரி கம்பெனியக்கா. கடைசி ஃபாரத்தில் நிற்பவள் ஜீப்ரா. டிஸ்ஸுக்கு அடுத்து நிற்பவளின் கடைசிப் பக்கத்தில் டாக்டர் என்ற சொல் இருப்பதால் அவள் டாக்டரம்மா.

இந்த டாக்டரம்மா வேறு யாருமில்லை, டிஸ்ஸின் ஓரகத்தி. மூத்தவர் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மேஜை. காலைச் சமையல் மூத்தவளுக்கு, மாலைச் சமையல் இளையவளுக்கு என்று முறை. டிஸ் வாய் திறக்காதவள். மூத்தவளோ மூடாதவள். "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன், செலவு மிச்சம்" என்பாள். தன் ஃபாரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் முதல் வரியைப் படித்துக்காட்டிச் சிரிப்பாள்.

"இங்க பாரு, எடுத்த உடனே 'இல்லாத, குறைபட்டுக்கொள்கிற'ன்னு ஆரம்பிக்குது. என்னாத்து இல்லாத? யாரு குறைபட்டுக்கிட்டா? தலையே இல்லாம முண்டமா நிக்குது. என் ஜாதகம் மாதிரி."

இப்படியிருந்த டாக்டரம்மா அவளோடு பேசுவதை நிறுத்தி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன.

காரணம் ஒரு நாற்காலி. மேஜைக்குப் பொறுப்பாக ஒருத்தியைப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பொறுப்புக்காரி நிற்க வேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசை தப்பாமல் ஃபாரம் சேருகிறதா என்று பார்த்தால் போதும். முழங்கால் வலிக்காரியான டாக்டரம்மாவுக்கு அந்த நாற்காலி மேல் உயிர். அவளுக்குத்தான் என்று பட்டறையே பேசிக்கொண்டது. அகராதி வெளியிடும் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் மேஜையைப் பார்க்க வந்தார். நாற்காலிக்கு யாரைப் போடலாம் என்று அவர்தான் சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொருத்தியிடமும் பக்கத்தில் நிற்பவளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர் டிஸ்ஸின் முன்னால் நின்றார்.

"இவங்க வேலை எப்படிம்மா?"

டிஸ் இப்படிப்பட்டவர்களிடம் பேசியதே இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது தன் ஓரகத்திக்காக. அதுவும் சும்மா சொன்னால் போதாது, எடுப்பாகச் சொல்ல வேண்டும். தன் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்த சொல் நினைவுக்கு வந்தது. அந்த வரியில் 'மனநிறைவு' என்று அர்த்தம் போட்டிருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பிடித்துப்போன சொல். முகம் மலர, வாழ்க்கையில் முதல்தடவையாக இன்னொருவரிடம் ஆங்கிலம் பேசினாள்.

"வெரி டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு, மேடம்."

மேடத்தின் புருவம் மேலே ஏறியது. நகர்ந்துவிட்டார். மறுநாள் நாற்காலியில் கம்பெனியக்கா உட்கார்ந்திருந்தாள். பட்டறை சூப்பர்வைசர் டாக்டரம்மாவிடம் வந்து, "நான் என்னம்மா பண்ண? உங்க வீட்டு ஆளே உங்க வேலையில திருப்தி இல்லைன்னு சொல்லிட்டாங்களாம்" என்றார்.

டிஸ் பதறிப்போனாள். "அக்கா, நான் நல்லதுதான் சொன்னேன்."

"ஆமா, நல்லதை நல்லாத்தான் சொன்னே" என்றாள் டாக்டரம்மா. அதுதான் கடைசிப் பேச்சு.

சூப்பர்வைசர்தான் ஏதோ திரித்துவிட்டார் என்று டிஸ் நம்பினாள். போய்க் கேட்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஃபாரம் மட்டும் கை மாறியது, பேச்சு மாறவில்லை. வீட்டில் மூத்தவளின் குட்டி மகள்தான் தபால். "சித்தி, உப்பு எங்கன்னு அம்மா கேக்கறாங்க." "அலமாரியிலன்னு சொல்லு." அம்மா இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

இந்த நிலைமையில்தான் டிஸ்ஸுக்குப் படிக்கும் ஆசை தலைக்கேறியது.

பட்டறைக்கு அடுத்த தெருவில், வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாலைப் பள்ளி ஆரம்பித்திருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். சேர்க்கைக்கு ஒரு நேர்காணல் உண்டு. கொஞ்சம் வாசிக்கச் சொல்வார்கள், ஒரு கணக்குப் போடச் சொல்வார்கள், சில ஆங்கில வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்பார்கள். வாசலில் ஒட்டியிருந்ததை அவள் வேலைக்குப் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் நின்று படித்தாள். பல நாள் அப்படி நின்ற பிறகு ஒரு நாள் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி ஓடிவந்துவிட்டாள்.

டிரைவரிடம், அதாவது கணவனிடம், சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"படிச்சு என்ன பண்ணப் போறே?"

"உள்பக்கமெல்லாம் என்ன இருக்குன்னு பாக்கணும்."

"பாரு, யாரு வேணாங்கறா. சாயங்காலம் உலை வெக்கறது யாரு? நான் வெச்சா நாலு பேரும் ஆஸ்பத்திரியில படிப்பீங்க. அண்ணிகிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. அதுதான் சங்கதி. பள்ளி நடப்பது மாலையில். மாலை அடுப்பு அவளுடையது. ஓரகத்தி மனசு வைத்து முறையை மாற்றிக்கொண்டாலொழிய, இடம் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. பேச்சே இல்லாதவளிடம் வரம் கேட்பது எப்படி? முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் பட்டறையே அல்லோலகல்லோலப்பட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிவந்தாள். ஒவ்வொருத்தியும் தன் ஃபாரத்தின் சொத்தைக் கொட்டினாள்.

"என்கிட்ட அக்ரீ இருக்கு. ஒத்துக்கறது" என்றாள் முதல் ஃபாரத்துக்காரி.

டிஸ் வாயில் வைத்த கவளத்தோடு நின்றுவிட்டாள். "அக்கா, என்கிட்ட டிஸ்அக்ரீ இருக்கு. ஒத்துக்காம இருக்கறது."

"இருந்துட்டுப் போகுது. அதுக்கென்ன?"

"இல்லக்கா. உங்க வார்த்தைக்கு முன்னாடி என் டிஸ்ஸை வெச்சா அப்படியே கவுந்துடுது."

நடுவில் நின்றவளிடம் ஓடினாள். அவளிடம் ஆர்டர் இருந்தது, ஒழுங்கு. தன்னிடம் டிஸ்ஆர்டர், ஒழுங்கின்மை. அவளிடம் ஒபே இருந்தது, சொன்னபடி கேட்பது. தன்னிடம் டிஸ்ஒபே. இன்னொருத்தியிடம் அப்பியர், தோன்றுவது. தன்னிடம் டிஸ்அப்பியர், மறைந்துபோவது. அவளுக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை காலம் தன் ஃபாரம்தான் மேஜையிலேயே மட்டம், நோயும் தொல்லையும் சண்டையுமாக அழுமூஞ்சிச் சொற்கள் என்று நினைத்திருந்தாள். பார்த்தால் அவள் கையில் இருப்பது சாவிக்கொத்து. மேஜை முழுக்க இருக்கிற வார்த்தைகளில் எதில் வேண்டுமானாலும் போட்டுத் திருப்பிப் பார்க்கலாம்.

"அப்ப டிஸ்கோ?" என்றாள் ஜீப்ரா. "கோன்னா போ. டிஸ்கோன்னா போகாதேயா?"

"அதான் ஆடறவன் போகாம அங்கேயே குதிச்சுட்டு இருக்கான்" என்றாள் கம்பெனியக்கா. மேஜை குலுங்கியது.

"எல்லாத்துக்கும் பொருந்தாது போலிருக்கு" என்றாள் டிஸ், சிரித்துக்கொண்டே. "டிஸ்மிஸ்ல மிஸ் எங்க போச்சு? பாத்துதான் திருப்பணும்."

அவள் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா மட்டும் சுவரிடம் சொன்னாள்:

"சில பேருக்குக் கவுக்கறதே பொழப்பு."

சிரிப்பு நின்றுவிட்டது. டிஸ் டப்பாவை மூடினாள். அதோடு இன்னொரு கேள்வியும் அவள் வாய்க்குள்ளேயே மூடிக்கொண்டது. தனக்குப் பிடித்த அந்தக் கடைசி வரிச் சொல்லில் டிஸ்ஸை எடுத்தால் ஸாட்டிஸ்ஃபைடு. அது யாரிடம் இருக்கும் என்று கேட்க நினைத்திருந்தாள். கேட்கவில்லை.

நேர்காணல் நாள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். காலையில் மேஜையில் நிற்கும்போதே கால் தரையில் பாவவில்லை. கை எடுக்கும் ஃபாரம் ஒவ்வொன்றிலும் எழுத்துகள் தன்னைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. மணி அடித்ததும் முகம் கழுவி, கையிடுக்கில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிப்போட்டு, புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். கம்பெனியக்கா நாற்காலியை விட்டு எழுந்துவந்து அவள் தலைமுடியில் இருந்த தாள் துணுக்கை எடுத்துவிட்டாள். "பயந்தா விரலைப் பாரு. மூஞ்சியைப் பாக்காதே" என்றாள். டாக்டரம்மா தன் அடுக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அடுக்கு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பள்ளியில் வாசிப்பு நன்றாகவே போனது. கணக்கில் ஒரு தப்பு, அதையும் அவளே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள். பிறகு தலைமையாசிரியை மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அகராதியை எடுத்து வைத்தார். சிவப்பு அட்டை, மூலையில் லேசாக மடங்கியிருந்தது.

டிஸ் அதைப் பார்த்துவிட்டு விரலைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அதையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"இது... நாங்க கட்டறது, மேடம்."

"அப்படியா? நீங்க இதுல என்ன பண்ணுவீங்க?"

"ஒரு ஃபாரம் என்னோடது. டிஸ்."

தலைமையாசிரியை சிரித்தார். வயதில் பெரியவரில்லை, ஆனால் சிரிக்கும்போது மட்டும் பெரிய ஆள் மாதிரி இருந்தார். "நான் எதையாவது திறந்து கேக்கறதை விட, உங்க பக்கத்தை நீங்களே எடுங்க. அங்கேயிருந்து கேக்கறேன்."

புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ஓரம் வெட்டி, தைத்து, அட்டை போட்ட அகராதி. எத்தனையோ ஆயிரம் முறை தன் கையைக் கடந்துபோனதை இப்போதுதான் முதல்முறையாகத் திறக்கிறாள். உள்பக்கங்கள் விசிறி மாதிரி விரிந்தன. டிஸ்கவுண்ட், டிஸ்கவர், டிஸ்கஸ் என்று அவள் எட்டிப் பார்த்த, பார்க்காத சொற்களெல்லாம் வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி பளிச்சென்று கிடந்தன. நிறுத்த முடியாமல் தாள்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்தது. இடது கைப்பக்கம் அவளுடைய பக்கம். அதை அவள் இருட்டிலும் அடையாளம் சொல்வாள்.

"கடைசி வார்த்தை சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை.

"டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு. மனநிறைவு."

"நிச்சயமா?"

"நிச்சயம், மேடம். பாருங்க, போட்டிருக்கு." விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். வரியின் கடைசியில் 'மனநிறைவு'. அங்கே பக்கம் முடிந்துவிட்டது.

"சரி. அங்கேயே நின்னுட்டா எப்படி? இந்தப் பக்கமும் பாருங்க."

வலது கைப்பக்கத்தின் உச்சிக்குக் கண்ணை ஏற்றினாள். முதல் வரி: 'இல்லாத, குறைபட்டுக்கொள்கிற.'

அந்த வரியை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் காதால் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். என்னாத்து இல்லாத? யாரு குறைபட்டுக்கிட்டா? தலையில்லாத முண்டம். அக்காவின் குரல் அப்படியே காதில் ஒலித்தது. மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்களின் ஃபாரங்கள் புத்தகத்துக்குள்ளே எதிரும் புதிருமாக முகம் பார்த்துக்கொண்டிருந்தன. இடது பக்கத்தில் தலை, வலது பக்கத்தில் உடம்பு. நடுவே தையல் நூல்.

"மனநிறைவு... இல்லாத" என்றாள். இன்னொரு தரம் சேர்த்துச் சொன்னாள். "மனநிறைவு இல்லாத; குறைபட்டுக்கொள்கிற." பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மேஜையில் ஃபாரம் சேர்க்கும் விதம், வெளிப்பக்கம் மட்டும் தெரியும் சங்கதி, மேடம் வந்தது, தான் முகம் மலர அந்த வார்த்தையைச் சொன்னது, நாற்காலி போனது, உப்பு எங்கே என்று குழந்தை தபால் சுமப்பது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "சூப்பர்வைசர் திரிக்கல, மேடம். நான்தான். நல்லது சொல்றதா நெனச்சு அக்கா தலையில நானே கல்லைத் தூக்கிப் போட்டிருக்கேன். டிஸ் வந்தா கவுத்துடும்னு போன வாரம் ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கல."

தலைமையாசிரியை கடைசிவரை கேட்டார். பிறகு, "என் கேள்விக்கெல்லாம் ஒத்தை வார்த்தையில பதில் சொன்னீங்க. நேர்காணல் முடிஞ்சுதுன்னு நெனச்ச பிறகு இவ்வளவு பேசறீங்க" என்றார். "இடம் குடுத்தாச்சு. ஆனா ஒண்ணு. பாதியில நிக்கறவங்களாலதான் எனக்குத் தொல்லை. சாயங்காலம் வர வீட்டுல ஏற்பாடு உண்டா?"

"என் ஓரகத்தியைக் கேக்கணும்."

"இந்தக் கதையில வர்றவங்களா?"

"அவங்கதான்."

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. இன்னியோட சேர்க்கை முடியுது. ஆபீஸ் பூட்டறதுக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க."

அவள் நடக்கவில்லை, ஓடினாள். செருப்பு ஒன்று தெருமுனையில் கழன்றுகொண்டது. திரும்பி வந்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினாள். பழக்கடைக்காரர், "என்னம்மா, வீட்டுல யாருக்காவது முடியலையா?" என்று கேட்டார். "எல்லாரும் நல்லாயிருக்காங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னாள். வழக்கமாக அவரிடம் தலையசைப்பதோடு சரி.

பட்டறையில் மாலை வேலை நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அடுக்கையும் தன் அடுக்கையும் ஜீப்ரா ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்ததும் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"கெடச்சுதா?" என்றாள் கம்பெனியக்கா.

டிஸ் நேராக மேஜைக்குப் போனாள். தன் அடுக்கிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துக் கவிழ்த்து, கடைசிப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மேஜையில் வைத்தாள். கையை நீட்டி ஓரகத்தியின் அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்தாள். கேட்காமல் எடுத்ததற்கு டாக்டரம்மா முறைத்தாள். அதை டிஸ் தன்னுடையதுக்கு வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளங்கையால் சேர்த்து நெருக்கினாள்.

"அக்கா, உங்க முண்டத்துக்குத் தலை கெடச்சுடுச்சு."

டாக்டரம்மா குழந்தையைத் தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தாள். தபால்காரி அங்கே இல்லை. வேறு வழியில்லாமல் குனிந்தாள்.

"இதைப் படிங்க. இதுதான் நான் அன்னிக்கு அந்த மேடம்கிட்டச் சொன்ன வார்த்தை. என் பக்கத்துல இவ்வளவுதான் இருக்கு. மனநிறைவு. இதை நம்பித்தான் சொன்னேன். மீதி உங்க பக்கத்துல இருக்கு."

டாக்டரம்மா விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். இடது பக்கத்தின் கடைசி வரி. பிறகு வலது பக்கத்தின் முதல் வரி. மறுபடி இடது, மறுபடி வலது. அவள் படிக்கப் படிக்க மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நெருங்கிவந்து கழுத்தை நீட்டினார்கள். டிஸ் இரண்டு ஓரத்தையும் நெருக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்ப இத்தனை நாளா என் தலையை நீயா வெச்சிருந்தே?" என்றாள் டாக்டரம்மா கடைசியில்.

"தெரியாம வெச்சிருந்தேன்."

"நல்ல வார்த்தைன்னு நெனச்சா சொன்னே?"

"என் பக்கத்திலேயே அதுதான் நல்ல வார்த்தை, அக்கா. மத்ததெல்லாம் நோயும் தொல்லையும்."

டாக்டரம்மாவின் வாயோரம் ஒருமாதிரி இழுத்தது. அழப்போகிறாள் என்று டிஸ் பயந்தாள். அழவில்லை. தொண்டையிலிருந்து கிளம்பிய சிரிப்பு வயிறு வரை போக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்துவிட்டாள். "நம்ம பாதிப் படிப்பு பண்ற வேலையைப் பாருங்கடி. இவ பாதி, நான் பாதி. நடுவுல போனது என் நாற்காலி." கம்பெனியக்கா சட்டென்று எழுந்து, "வேணும்னா நீ உக்காரு. நான் சூப்பர்வைசர்கிட்டச் சொல்றேன்" என்றாள். "போனது போனதுதான், விடு" என்றாள் டாக்டரம்மா. சொல்லும்போது அந்த நாற்காலியை ஒரு தரம் பார்க்கத்தான் செய்தாள். "மதியத்துல கொஞ்ச நேரம் குடு, போதும்."

டிஸ்ஸுக்கு இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இடம் குடுத்துட்டாங்க. ஆனா சாயங்காலம் பள்ளிக்கூடம். இப்பவே போய்க் கையெழுத்துப் போடணும். அடுப்பு..."

"அதானே பாத்தேன். தலையைக் குடுத்துட்டு உடனே கையைக் கேக்கறே."

"காலைச் சமையல் முழுக்க நான் பாத்துக்கறேன். பாத்திரமும் நானே."

"பாத்திரமுமா?" டாக்டரம்மா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒரு கண்டிஷன். அங்க என்ன சொல்லிக்குடுக்கறாங்களோ, வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லணும். முழுசாச் சொல்லணும். அடுத்த பக்கம் வரைக்கும். பாதியில நிறுத்தினேன்னு வெச்சுக்கோ, அன்னிக்கு உனக்குச் சோறு கிடையாது."

"சரிக்கா."

"உன் புருஷனுக்கும் கிடையாது."

"அவர் என்னக்கா பண்ணினார்?"

"அண்ணிகிட்டக் கேட்டியான்னு ஒரு தடவைதானே உன்னைக் கேட்டிருப்பான்? தெனம் கேட்டிருந்தா எப்பவோ நீ வந்து கேட்டிருப்பே. போ, ஆபீஸைப் பூட்டிடப் போறாங்க. செருப்பை ஒழுங்கா மாட்டு."

ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஓரகத்தி ஜீப்ராவிடம் சொல்வது காதில் விழுந்தது. "என் பக்கத்துக்குத் தலை வந்துடுச்சு, பாத்தியா?" ஜீப்ரா கேட்டுக்கொண்டிருந்தாள்: "என் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் என்னதான் இருக்கு? யாராவது பாத்துச் சொல்லுங்களேன்."

பள்ளி அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை சாவியோடு வராந்தாவில் நின்றிருந்தார். அவள் படியேறி வந்த வேகத்தைப் பார்த்ததும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வெரி..." என்று ஆரம்பித்தாள் டிஸ். உடனே நிறுத்தினாள். மனசுக்குள் இடது பக்கத்தைப் பார்த்தாள், வலது பக்கத்தைப் பார்த்தாள், இரண்டையும் சேர்த்தாள். பிறகு முன்னால் இருந்த தன் பெயரைக் கவனமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வெரி ஸாட்டிஸ்ஃபைடு, மேடம்."

"நல்லது. இங்க கையெழுத்துப் போடுங்க. உங்க சொந்தப் பேர்ல" என்று தலைமையாசிரியை பேனாவை நீட்டினார்.